டாக்குமெண்டரி பாத்தா மேடையில அழுகை வருமா?

ஜூலை 4, திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பியோட கேள்வி

காலேஜ் நாடகத்துல எனக்கு அண்ணன் ரோல். தங்கச்சி சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலைக்கு போயி வெடிவிபத்துல செத்துருது. ஃபீல் வரணும்னா டாக்குமெண்டரி பாருன்னு டைரக்டர் சொன்னாரு. பதினோரு நாளா ராத்திரி ராத்திரி ஒண்ணு பாக்குறேன். மொத நாள் தேம்பித் தேம்பி அழுதேன். நாலாம் நாள்ல இருந்து ஒண்ணும் வரல. நேத்து ஒரு அம்மா மார்ல அடிச்சுட்டு அழுகுறாங்க, நான் பாத்துக்கிட்டே பரோட்டா சாப்ட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கே பயமாயிருச்சு. நான் நடிக்க லாயக்கில்லையா இல்ல வேற படம் பாக்கணுமா?

ஜூலை 4, ராத்திரி 11.10

லாயக்கெல்லாம் இருக்கு. பாக்குறத இன்னிக்கே நிறுத்து. ஒரு வாரத்துக்கு எதையும் போடாத. மீதிய நாளைக்கு எழுதுறேன், காலையில அஞ்சரைக்கு குழாயில தண்ணி வரும், எந்திரிக்கணும்.

ஜூலை 5, மத்தியானம்

நான் கீழமாசி வீதியில ஒரு மொத்தக் கடையில கணக்கு எழுதுறேன், பத்தொன்பது வருஷமா சின்னச் சின்ன ஹால்ல நாடகம் போடுறேன், அதுல பாதிக்கு மேல அம்மா வேஷம், அதுலயும் பாதி பிள்ளைய பறிகொடுத்த அம்மா வேஷம். அதனால உன் கேள்விய பாத்ததும் தூக்கம் போச்சு.

நீ பதினோரு நாளா பாத்தது படம் இல்ல தம்பி, அழுகை வர்ற எடத்த மட்டும்தான். உன்ன குத்தம் சொல்லல, நானும் இதையேதான் செஞ்சேன். அந்தம்மா எப்ப ஒடைவாங்கன்னு பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி காத்துக்கிட்டு இருந்தா, பஸ் வந்ததும் ஏறிட்டு எறங்கிட்டு போயிருவோம், அவ்வளவுதான். மொத நாள் உனக்கு வந்தது நெசமான அழுகை. ஆனா அது பாக்குறவனோட அழுகை. நீ மேடையில பாக்குறவன் கெடையாது, அண்ணன். அந்த அழுகைய பத்திரமா கொண்டு போய் மேடையில எறக்கி வைக்கலாம்னு நெனச்சா அது தாங்காது, ஐஸ்கட்டிய துணியில முடிஞ்சு அவனியாபுரம் வரைக்கும் கொண்டு போற கதைதான்.

ஜூலை 5, ராத்திரி

சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். சொல்லிர்றேன், நீ சின்னப்பிள்ளை, தப்பான வழியில எறங்கிறக் கூடாது.

2011ல ஒரு நாடகம். வீட்டுக்காரர் பொணத்துக்கு முன்னாடி நான் உக்காந்திருக்கணும், வசனம் எதுவும் கெடையாது. எங்கப்பா செத்து அப்ப ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. உன் சொந்த துக்கத்த நெனச்சுக்கோன்னு எல்லாரும் சொன்னாங்க, நெனச்சேன். அப்பாவ கெடத்தியிருந்த பெஞ்சு, கால் பெருவிரல கட்டியிருந்த துணி, அதுல இருந்த மஞ்ச கறை. மொத ஷோவுல ஹாலே அழுதுச்சு, ரெண்டாவதும் அழுதாங்க. மூணாவது ஷோவுல அந்த மஞ்ச கறைய எவ்வளவோ கூப்புட்டுப் பாக்குறேன், வரவே இல்ல. அது கூட போகட்டும், ஒரு ஷோ தானே. அந்த வருஷம் அப்பா தெவசத்துக்கு எலை போட்டு கும்புட்டு நிக்கிறப்ப கண்ண மூடுனா அப்பா மொகம் வரல, மேடை லைட்டு வருது. மூணாவது வரிசையில உக்காந்து ஒருத்தர் கண்ணத் தொடச்சுக்கிட்டு இருந்தாரே, அது வருது. எங்கப்பா சாவ நான் அங்க செலவு பண்ணிட்டு வந்திருக்கேன். அதுக்கப்பறம் சொந்தத்த தொடவே இல்ல. அதுக்குப் பதிலாத்தான் டாக்குமெண்டரி பக்கம் வந்தேன்.

ஜூலை 6

மெத்தட் ஆக்டிங்னா சொந்த துக்கத்தத்தானே எடுக்கச் சொல்றாங்கன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. அது ஒரு பிரிவுதான் சார். ரஷ்யாவுல நடிப்பு சொல்லிக்குடுத்த ஸ்தானிஸ்லாவ்ஸ்கி ஆரம்பத்துல உணர்ச்சி நினைவுன்னு, சொந்த அனுபவத்த திரும்ப நெனச்சு எடுக்குற பயிற்சி குடுத்தது நெசம், அமெரிக்காவுல லீ ஸ்ட்ராஸ்பெர்க் அதையே பெருசா பிடிச்சுக்கிட்டாரு. அவரு கூட இருந்த ஸ்டெல்லா ஆட்லருக்கு அது ஒத்துக்கல, நடிக்கிறதே கசந்து போயி 1934ல பாரிஸுக்கு போயி ஸ்தானிஸ்லாவ்ஸ்கிய நேர்லயே பாத்து கத்துக்கிட்டு வந்தாங்க. பெரியவரு அதுக்குள்ள அத விட்டு தள்ளி வந்துட்டாரு. சூழ்நிலை என்ன, கற்பனை பண்ணு, அந்த ஆள் கையால என்ன வேலை பாக்குறான், அந்த வேலைய ஒழுங்கா பாரு, உணர்ச்சி தானா பின்னாடி வரும், இதுதான் அவரோட கடைசி கால பாடம். எங்கப்பா தெவசத்துக்கு முன்னாடி இது எனக்கு தெரிஞ்சிருக்கலாம்.

இப்ப படத்துக்கு வர்றேன். தம்பி, சிவகாசின்னா மொதல்ல சலம் பென்னூர்கர் எடுத்த குட்டி ஜப்பானின் குழந்தைகள் பாரு, 1991ல வந்தது. தீப்பெட்டி, பட்டாசு வேலைக்கு போற பிள்ளைகள பத்தி. அதுல சாவு எங்க வருதுன்னு தேடாத. சாவுக்கு முந்தி என்ன இருக்குன்னு பாரு. விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கிற பிள்ளைங்க, அந்த விரல் போற வேகம், இது போதும். உன் தங்கச்சி சாகுறதுக்கு முன்னாடி உயிரோட இருந்தா இல்லையா, உன் நாடகத்துல அது எங்க இருக்கு? அவ எத்தனை மணிக்கு கெளம்புவா, நீ அப்ப தூங்கிக்கிட்டு இருப்பியா, எந்திரிச்சு வாசல் வரைக்கும் வருவியா? இதுக்கு பதில் தெரியாம நீ எவ்வளவு அழுதாலும் அது யாரோ ஒரு பிள்ளைக்குத்தான்.

ஜூலை 7

நேத்து 1991னு போட்டுட்டேன், தப்பு, 1990. பொறவு முக்கியமா இன்னொண்ணு. அது முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின சிவகாசி. தங்கச்சிக்கு என்ன வயசு, கதை எந்த வருஷத்துல நடக்குதுன்னு டைரக்டர்கிட்ட கேளு. எம்.சி. மேத்தா வழக்குல 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, பிள்ளைகள வேலைக்கு வச்சா ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபா முதலாளி கட்டணும்னு தீர்ப்பு சொல்லுச்சு, அதுவும் சிவகாசிய வச்சு வந்த வழக்குதான். கதை அதுக்கு முந்தியா பிந்தியாங்கிறத பொறுத்து வீட்ல பேசுற பேச்சே மாறும். அப்ப சின்னப்பிள்ளைய வேலைக்கு அனுப்புறது ஊரே செய்ற காரியம், பின்னால அது மறைக்கிற காரியம். அண்ணனோட குத்த உணர்ச்சி ரெண்டுலயும் ஒண்ணா இருக்காது.

அங்க பட்டாசு ஃபேக்டரிய பயராபீஸ்னுதான் சொல்வாங்க. உங்க ஸ்கிரிப்ட்ல "தொழிற்சாலை"ன்னு அண்ணன் வாயில வந்தா மாத்தச் சொல்லு, எந்த அண்ணனும் அப்படி சொல்ல மாட்டான்.

ஜூலை 9

ஆனையூர்ல இருந்து ஒரு சார் கோவமா எழுதியிருக்காரு, அடுத்தவன் வீட்டு எழவ பாத்து நீ கைதட்டு வாங்குறது திருட்டு இல்லையான்னு. ரெண்டு நாளா மண்டைக்குள்ளயே ஓடுது.

சார், ஆமான்னுதான் எனக்கும் படுது, ஒரு அளவுக்கு. திவ்யபாரதி 2017ல எடுத்த கக்கூஸ் படத்த ஒரு வேஷத்துக்காக பாத்தேன், சாக்கடைக்குள்ள எறங்கி செத்தவனோட அம்மா வேஷம். அதுல ஒரு பொம்பளை பேசுறப்ப தலைய ஒரு பக்கமா திருப்புறாங்க. அந்தத் திருப்பல அப்படியே எடுத்து மேடையில வச்சேன். பிரமாதம்னாங்க. அன்னிக்கு ராத்திரி படுத்தா அந்த பொம்பளை என்ன பாக்குற மாதிரியே இருக்கு. அவுக தலைய திருப்புனது கேமராவுக்கு மொகத்த குடுக்கக் கூடாதுன்னு. எனக்கு குடுக்க மாட்டேன்னு அவுக மறைச்சத நான் எடுத்து முந்நூறு பேருக்கு காட்டியிருக்கேன். அடுத்த ஷோவுல அத விட்டுட்டேன். அப்ப இருந்து ஒரு வரம்பு வச்சிருக்கேன்: வேலைய எடுத்துக்கலாம், எந்த நேரத்துக்கு என்ன செய்வாங்க, ஒரு வாளிய எப்படி தூக்குவாங்க, எந்த சொல்லு சொல்வாங்க, இதெல்லாம் எடுத்துக்கலாம். மொகத்த எடுக்கக் கூடாது. மொகம் அவுகளோடது.

அதோட வாங்குனதுக்கு ஏதாவது திருப்பிக் குடுக்கணும்ல. அந்த நாடகம் முடிஞ்சதும் ஹால்ல நின்னு, கையால மலம் அள்ளுறத தடுக்குற சட்டம் 2013லயே வந்துருச்சு, சாக்கடைக்குள்ள எறங்கி செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் குடுக்கணும்னு 2014ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு, 2023 அக்டோபர்ல அத 30 லட்சம் ஆக்கியிருக்கு, இத யாருக்கு சொல்லணுமோ சொல்லுங்கன்னு சொல்லிட்டுத்தான் மேக்கப் கலைக்கப் போவேன். அது போதுமான்னு கேட்டா போதாது சார்.

ஜூலை 10

தம்பி இன்பாக்ஸ்ல கேட்டுருக்கான், "அப்ப அழுகை எங்க இருந்துதான் வரும் அக்கா".

க்ளாட் லான்ஸ்மன் எடுத்த ஷோவா, 1985, ஒன்பது மணி நேரத்துக்கு மேல ஓடும். யூத மக்கள நாஜிங்க கொன்னத பத்தின படம், ஆனா பழைய ஃபிலிம் ஒரு துண்டு கூட கெடையாது, பொழச்சவங்க, கூட இருந்து பாத்தவங்க, கொன்ன பக்கத்துல இருந்தவங்க பேசுறதும் அந்த எடங்களும்தான். அதுல ஆப்ரஹாம் போம்பான்னு ஒரு முடிவெட்டுறவரு. விஷவாயு ரூமுக்கு போற பொம்பளைங்களுக்கு கடைசியா முடிவெட்ட வச்சாங்க அவர. அவர சும்மா உக்கார வச்சு கேக்கல, ஒரு சலூன வாடகைக்கு எடுத்து, ஒரு ஆளுக்கு முடிவெட்டிக்கிட்டே பேச வைக்கிறாரு டைரக்டர். ரொம்ப நேரம் குரல் தட்டையா கடை கணக்கு சொல்ற மாதிரி போகுது, கத்திரி ஓடுது. கூட வேலை பாத்த இன்னொரு முடிவெட்டுறவரோட பொண்டாட்டியும் தங்கச்சியும் அந்த ரூமுக்குள்ள வந்தத சொல்ல வர்றாரு. அங்க நின்னு போகுது. பேச முடியல. கை மட்டும் என்னமோ செய்யப் பாக்குது.

எனக்கு அங்கதான் புரிஞ்சுச்சு. அவரு அழுகையத் தேடிப் போகல, அழாம இருக்கத்தான் அவ்வளவு நேரமும் கத்திரிய பிடிச்சிருந்தாரு. நாம அழணும் அழணும்னு முக்குறோம், துக்கப்பட்ட மனுசன் அழக்கூடாதுன்னு முக்குறான். நம்மூர் கேத வீட்டுல போயி பாரு, ரொம்ப அடிபட்ட ஆளு பந்தல்காரனுக்கு காசு குடுத்துட்டு, வந்தவுகளுக்கு காப்பி போச்சான்னு கேட்டுக்கிட்டு, அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே இருப்பாரு. உக்கார மாட்டாரு, உக்காந்தா முடிஞ்சுச்சு.

அந்த சலூன் ஏற்பாடு பண்ணினதுதானேன்னு கேப்பாங்க. ஆமா, ஏற்பாடுதான். 1922ல வந்த, பனிப்பிரதேசத்து குடும்பத்த பத்தின நானூக் டாக்குமெண்டரியிலயே பனிவீட்டுக்கு ஒரு பக்கம் சுவரு இல்லாம கட்டி, வெளிச்சம் வர வச்சுத்தான் எடுத்தாங்க. டாக்குமெண்டரின்னா அப்படியே நெசம்னு நம்பி அத காப்பி அடிக்காத, கேமராவுக்கு முன்னாடி உக்காந்த மனுசனும் கொஞ்சம் தன்னைப் பிடிச்சு வச்சுக்கிட்டுத்தான் பேசுவான்.

ஜூலை 12, ஆபீஸ்ல கரண்ட் இல்ல

ரெண்டு நாளா ஒரு விஷயம் சொல்லணும்னு இருந்தேன். இதுக்கு பாரிஸ் வரைக்கும் போயிருக்க வேணாம். தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒண்ணு இருக்கு, எட்டு மெய்ப்பாடு, அதுல ரெண்டாவது அழுகை. அது எதனால வரும்னு நாலு காரணம் சொல்றாரு:

"இளிவே இழவே அசைவே வறுமையென
விளிவில் கொள்கை அழுகை நான்கே"

இளிவுன்னா அடுத்தவன் நம்மள கேவலமா நடத்துறது. இழவு தெரியும். அசைவுன்னா, தொல்காப்பியத்துக்கு உரை எழுதுன பேராசிரியர்ங்கிறவரு சொல்றபடி, முந்தி இருந்த நெலமை கெட்டு வேற மாதிரி ஆகி வருந்துறது. அப்பறம் வறுமை. இப்ப உன் அண்ணன் வேஷத்த எடு. நீ இழவ மட்டும் பிடிச்சு தொங்குற. தங்கச்சி பொணத்த அடையாளம் காட்ட நிக்கிறப்ப ஒருத்தன் பேர தப்பா எழுதுறானே, அது இளிவு. காச வாங்கிக்கிட்டு கையெழுத்து போடுன்னு ஒருத்தன் பேப்பர நீட்டுவான்ல, அதுவும் இளிவு. அவ சம்பளம் நின்னதும் வீட்ல பேச்சு மாறுதே, அது வறுமை. முந்தியெல்லாம் "அண்ணே"ன்னு கூப்புடுற ஒரு ஆள் இருந்துச்சு, இப்ப நீ யாருக்கும் அண்ணன் இல்ல, அது அசைவு. ஒவ்வொரு சீனுக்கும் பக்கத்துல நாலுல எதுன்னு பென்சில்ல எழுதிப் பாரு.

அதே பேராசிரியரு இன்னொண்ணும் சொல்றாரு. அழுகை ரெண்டு வகை, தானே படுற அவலம், அடுத்தவன் படுறத பாத்து வர்றது. பின்னது கருணை. மொத நாள் உனக்கு வந்துச்சே, அது கருணை. நாடகத்துக்கு வேண்டியது அவலம். கருணைய ஹால்ல உக்காந்திருக்கிறவுகளுக்கு விட்டுரு.

ஜூலை 12, சாயங்காலம்

ஆமா, பென்சில்தான். டைரக்டர் மாத்தச் சொல்லிக்கிட்டேதான் இருப்பாரு.

ஜூலை 15

எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க, முப்பது வருஷம் ஸ்பெஷல் நாடகத்துல ஸ்த்ரீபார்ட், கதாநாயகி வேஷம். வெளியூர் ஆளுகளுக்கு தெரியாதுன்னா சொல்றேன், மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம்னா ஒத்திகையே கெடையாது. ராஜபார்ட் ஒரு ஊர்ல இருந்து, பபூன் ஒரு ஊர்ல இருந்து வந்து, ராத்திரி பத்து மணிக்கு மேடையிலதான் ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க, விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்ச பாட்டும், அவங்கவங்க வாயில இருக்குற பேச்சும்தான் மொதல்.

நான் இந்த இழைய அந்தக்காவுக்கு வாசிச்சு காட்டுனேன். எல்லாத்தயும் கேட்டுட்டு, "பாக்கச் சொல்றியே, கேக்கச் சொன்னியா?"ன்னாங்க. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா நான் தம்பிக்கு தனியா ஒரு யோசனை சொல்லியிருந்தேன், சத்தத்த நிறுத்திட்டு கைய மட்டும் பாருன்னு. அக்கா சொல்றாங்க, அழுகைங்கிறது மூச்சுல இருக்கு, ஒப்பாரி வைக்கிற கெழவிய பாரு, அடிக்கு அடி நடுவுல மூச்ச எங்க வாங்குறான்னு கேளு, அந்த எடத்துலதான் பாக்குறவனுக்கு வயிறு கலங்கும், பாட்டுல இல்லன்னு. ஒரு தடவை பாடியும் காட்டுனாங்க, நாலே அடி. நாலாவது அடிக்கு முன்னாடி ஒரு நிமிசம் மூச்ச பிடிச்சு நிறுத்தி மூக்க முந்தானையில தொடச்சாங்க, நான் திண்ணையில உக்காந்து அழுதுட்டேன், அவுக எந்திரிச்சு அடுப்புல பால பாக்கப் போயிட்டாங்க.

அதனால நான் சொன்னத மாத்திக்கிறேன். ஒரு தடவை சத்தம் இல்லாம பாரு, இன்னொரு தடவை கண்ண மூடிக்கிட்டு கேளு. ரெண்டே தடவை. மூணாவது தடவை வேணாம். பகல்ல பாரு, வீட்ல யாராவது இருக்குறப்ப பாரு. ஷோ அன்னிக்கு கண்டிப்பா பாக்காத.

ஜூலை 16

இன்னொண்ணு விட்டுப்போச்சு. வேஷத்த விட்டு எறங்குறதுக்கும் ஒரு வழி வச்சுக்கணும். அந்தக்கா விடியக்காலம் நாடகம் முடிஞ்சதும் தேங்கா எண்ணெய வச்சு அரிதாரத்த பைய பைய கலைப்பாங்களாம், அவசரப்படவே மாட்டாங்களாம், அதுலயே வள்ளி எறங்கிப் போயிருவான்னாங்க. நமக்கு அவ்வளவு அரிதாரம் கெடையாது. நான் குளிச்சுட்டு சூடா ஏதாவது சாப்ட்டுட்டு எங்கண்ணன் மகளுக்கு போன் பண்ணி பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சுன்னு கேப்பேன்.

ஜூலை 19

தம்பி சிவகாசிப் பக்கம் சித்தி ஊருக்கு போயிட்டு வந்து எழுதியிருக்கான். சித்தி பயராபீஸ்ல வேலை பாக்குறாங்களாம், இத்தனை நாளா இவன் அதப்பத்தி கேட்டதே இல்லையாம். விபத்த பத்தி ஒண்ணும் கேக்கல, நல்ல பிள்ளை. சித்தி வேலை விட்டு வர்றப்ப கையில அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளியாட்டம் மினுங்குச்சாம், சோறு பெசையறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் தேச்சு தேச்சு கழுவுனாங்களாம். "அந்த மினுக்கு முழுசா போகவே இல்ல அக்கா"ன்னு எழுதியிருக்கான். இத எந்த படத்துல பாத்திருப்ப நீ?

அவன் இன்னொண்ணும் கேட்டிருந்தான், வெடிச்ச சத்தம் கேட்டதும் அண்ணன் ஓடுறானா நிக்கிறானா, ஸ்கிரிப்ட்ல அதப்பத்தி ஒண்ணும் இல்லன்னு. நீயும் டைரக்டரும்தான் முடிவு பண்ணனும். ஆனா இத தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க: 2012 செப்டம்பர் 5, சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டி பயராபீஸ்ல மொதல்ல தீ பிடிச்சப்ப பாக்கவும் காப்பாத்தவும் சுத்துப்பட்டு ஜனம் ஓடுச்சு, அப்பறம் பெருசா வெடிச்சதுல அப்படி ஓடிப்போனவுகளே நெறைய பேரு செத்துப்போனாங்க. அங்க உள்ளவங்களுக்கு இது தெரியும். அதனால ஓடுறவன் தெரிஞ்சே ஓடுறான். நிக்கிறவனும் தெரிஞ்சேதான் நிக்கிறான், அவன் ஆயுசு பூரா அந்த நின்ன எடத்துலயே நிக்கணும். எனக்கு ரெண்டாவதுதான் மனசுல ஒட்டுது.

ஜூலை 21

நிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாங்களாம். ஆனையூர் சாரும் நாடகம் பாக்க வர்றேன்னு எழுதியிருக்காரு.

ஜூலை 24

ஒத்திகை வீடியோ அனுப்பியிருந்தான். நல்லா இருக்கு. மொத சீன்ல தங்கச்சி கெளம்புறப்ப இவன் போர்வைக்குள்ள இருந்து கைய மட்டும் நீட்டுறான், அவ மிதிச்சுட்டு போறா, ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. இது இவனா சேத்தது. கடைசி சீன்ல அவளோட தூக்குவாளிய ஒரு ஆள் கொண்டாந்து குடுப்பான், இவன் வாங்கிட்டு கதறணும்னு இருந்துச்சு. இப்ப கதறல, வாளிய தொறந்து பாத்துட்டு, குழாயடிக்கு போயி கழுவ உக்காந்துர்றான். கழுவிக்கிட்டே இருக்கான். எனக்கு சித்தி கை ஞாபகம் வந்துருச்சு.

ஒண்ணே ஒண்ணு இடிக்குது தம்பி. அந்த வாளி வெறும் வாளின்னு உன் கை சொல்லுது. விரல்ல மாட்டி ஆட்டிக்கிட்டு போற. அவ அன்னிக்கு மத்தியானம் சாப்பிடல, வெடிச்சது அதுக்கு முந்தி. வாளியில சோறு அப்படியே இருக்கணும். சனிக்கிழமை ஒத்திகைக்கு நானும் திருமங்கலம் வர்றேன், எங்கம்மாவோட பழைய தூக்குவாளி ஒண்ணு பரண்ல கெடக்கு, மூடி கொஞ்சம் டைட்டு, தொறக்க ரெண்டு கையும் வேணும். காலையிலயே சோறு போட்டு மூடி கொண்டாறேன்.